கேஜ் ஏன் மேலே வரவில்லை

...நிறை என்ற இடத்தில் முதலாவதாக எதைப் போடுவது, படம் என்று போடலாமா, இந்த கேமில் பாதாள ராஜ்ஜியத்தை இவன் வரைந்திருக்கும் அழகு இருக்கிறதே, பாவி, வெள்ளைவெளேரென்று நிற்கும் அந்த மலைகள் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய எங்கள் ஊர் சைனைடு மண்மேடுகளேதான், அதன் மேல் ஒரு ராட்சசப் பாம்பைச் சுருட்டிப் படுக்கப் போட்டிருக்கிறான், சரி, 'படங்கள் சுமார்' என்று தட்டினேன். சுமார் போதும். நெட் இல்லாமல் ஓடுகிறது, மட்டமான போனில்கூட ஓடுகிறது, நடுவில் விளம்பரம் வந்து கழுத்தை அறுப்பதில்லை, இதையெல்லாம் எழுதவே வேண்டாம். எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் வண்டி ஏறியதும் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தவன் இன்னும் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறான், என் தம்பி எரிக், தடிமாடு, பார்த்த வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்காக என் சம்பளத்தில் தின்றுகொண்டு மொபைலில் விளையாட ஒரு மாயாஜால சாகச கேம் செய்திருக்கிறான். அதை எங்கள் கம்பெனிக்கே அனுப்பியும் விட்டான். வெளியார் அனுப்பும் கேம்களை ஆடிப் பார்த்து நிறைகுறை எழுதுவதுதான் அங்கே என் வேலை, நான் எழுதுவதை வைத்துத்தான் எடுப்பார்கள், அல்லது தூக்கிப் போடுவார்கள், இவன் என் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் அனுப்ப வேண்டும். முடிவைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவானாம், கூடவே கிளம்பிவிட்டான். "உன் தம்பிக்கு நல்லதா நாலு வார்த்த எழுதுடி ஷைலா, அவன் வாழ்க்க உன் கையிலதான் கீது" என்றாள் அம்மா, கிளம்பும்போது. என் வாழ்க்கை யார் கையில் இருந்தது என்று அவள் ஒருநாளாவது கேட்டிருப்பாளா?

"இன்னாக்கா, எப்டி கீது?" என்கிறான். சும்மா இருடா, எழுதிக்கிட்டிருக்கேன் இல்ல... குறைக்கு வருவோம். போன் சூடாகிறது, எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, இதெல்லாம் கொசுக்கடி, ஆளைச் சாய்க்காது. சாய்க்கிற குறை ஒன்று இருக்கிறது. நாயகன் நாகராணியின் கல்லைத் திருடிக்கொண்டு, பாம்பு துரத்த, ஓடிவந்து கேஜில், சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்குமே அந்த இரும்புக் கூண்டில், ஏறுகிறான், மேலே தூக்கச் சொல்லி நாம் மணியை அழுத்துகிறோம், கேஜ் அசையாது. பின்னால் காலை இழுத்து இழுத்து வரும் கூட்டாளி ஏறும்வரை அசையவே அசையாது. எனக்கு உடனே புரிந்தது, சுரங்கத் தொழிலாளிகளின் எங்கள் லைன் வீடுகளில் யாருக்குத்தான் புரியாது, கூட இறங்கினவனைக் கீழே விட்டுவிட்டு மணி அடிக்கக் கூடாது என்று ஷிப்ட் முடிந்து வந்து சோற்றுத் தட்டின் முன்னால் அப்பா சொல்லாத நாளில்லை. இந்த மடையன் அது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்து கேமில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆபீசில் என்னோடு கேம் ஆடிப் பார்க்கும் மனோகர் மணியை அழுத்து அழுத்து என்று அழுத்திப் பார்த்துவிட்டு, ஹேங் ஆயிடுச்சு மேடம் என்று போனை வைத்துவிட்டான். 'கூட்டாளிக்காகக் காத்திரு', ஒரே ஒரு வரி, அதைச் சேர்த்தால் போதும், மொத்த கேமிலும் இந்தக் காட்சிதான் உச்சம். பாம்பு நெருங்க நெருங்க, வருகிறானா, வந்துவிடுவானா என்று முதல் தடவை ஆடியபோது நான்... சே, அழுதேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இந்தத் தண்டச்சோறு என்னை அழவைப்பதா? எனக்குள்ளிருந்து இப்படி ஒன்று வந்திருக்குமா, வருவதற்கு யாராவது என்னை வீட்டில் சும்மா உட்கார விட்டார்களா? 'கேஜ் மேலே ஏறவில்லை. அடிப்படையே தவறு. திருத்துவது கடினம்.' கடைசி வரி பச்சைப் பொய். மாலூர் தாண்டியதும் அனுப்பிவிட்டேன்.

"உன் கேஜ் வேல செய்யல எரிக். எடுக்க மாட்டாங்க. உனக்கு இது வராது, விட்டுடு." சொல்லிவிட்டு அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன், உதடு கோணி, கண் நிரம்பி, மூக்கு ஒழுகி, ஒவ்வொன்றாக ரசித்தேன், பொய் சொல்வானேன். பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சண்டைக்கு வருவான், கத்துவான், உன் பொறாமைதானே என்று கேட்பான், பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "வேற எவன் சொல்லிருந்தாலும் நம்பிருக்க மாட்டேன்க்கா" என்றான், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். போனை எடுத்து கேமை அழித்தான். பிறகு, "உன் ஆபீஸ் பக்கமா எதுனா வேல பாரேன், செக்யூரிட்டின்னாலும் போறேன். தெனமும் ரெண்டு பேரும் ஒண்ணாவே போய் வரலாம்" என்றான். தினமுமா? இதே வண்டி, இதே மூஞ்சி, எதிர் சீட்டில்? இவன் கேமை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், பெங்களூரில் வீடு பிடித்திருப்பான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருப்பான், சாயங்காலம் பூட்டிய கதவைத் திறந்துகொண்டு நான் போய்... யாரைத் திட்டுவேன்? அப்படியானால் நான் எதற்காக அப்படி எழுதினேன்? ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் இப்போதுகூட மாற்றிவிடலாம், போன் கையில்தான் இருக்கிறது, வைட்ஃபீல்டும் வந்துவிட்டது. "பாக்கலாம்" என்றேன், "மொதல்ல மூக்கத் தொடச்சுக்கோ."