வண்டி இன்னும் கிளம்பலைங்க

1

இந்தக் கதை ஒரு வாளியின் மேல் பிறந்தது. புது வீட்டுக்குக் குடிபோன அன்று, முந்தின நாளே சாமான்களை ஏற்றிக்கொண்டு போன லாரி வந்து சேரவில்லை. வெறும் வீட்டில், கையோடு கொண்டுவந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு லாரி ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண்.

"வண்டி எங்கம்மா?"

கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "வண்டி இன்னும் கிளம்பலைங்க" என்றாள்.

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு இருந்தவன், "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டேன். லாரி ஆபீசில் உண்மை பேசுகிறார்களா! அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: காலை வெயில் லாரியின் கண்ணாடியில் பட்டுத் தெறித்த அந்த

(வேண்டாம். காலையில் ஆபீசைத் திறக்கிறவர்கள் வெயிலையா பார்ப்பார்கள்? சாவியைத்தான் தேடுவார்கள்.)

இரண்டாவது: சோகமே உருவாக அவள்

(இதுவும் வேண்டாம். போனில் கேட்டது நல்ல சுறுசுறுப்பான குரல்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் அந்த வீட்டு மருமகள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். மாமனார் முதலாளி, நாத்தனாருக்குக் கணக்கு வேலை. கல்யாணமாகி வந்தவள், சும்மா இருக்கப் பிடிக்காமல், போன் எடுக்கிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த நாற்காலி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குள் அவள் மருமகள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவள்தான் ஆபீஸ்.

(கணவன் எங்கே என்பீர்கள். லோடு ஏற்ற வெளியூர் அனுப்பியிருக்கிறேன். கூட இருந்தால் சமாதானம் பேசிக் கதையைக் கெடுத்துவிடுவான்.)

3

யார் போன் செய்து கேட்டாலும், "கிளம்பிடுச்சுன்னு சொல்லும்மா" என்பார் மாமனார். அவளும் சொல்வாள். நம்பித்தான் சொன்னாள். அவள் நாற்காலி தெருவைப் பார்த்துப் போட்டிருந்தது. லாரி நிற்கும் இடம் முதுகுக்குப் பின்னால்.

நான் போன் செய்த அன்று, மேசையிலிருந்து பேனா உருண்டு விழுந்தது. எடுப்பதற்காகத் திரும்பியவளுக்கு ஜன்னல் வழியாக லாரி தெரிந்தது. சற்று முன்தான் 'கிளம்பிப் போன' லாரி. புயல் என்று பட்டப்பெயர் வாங்கிய டிரைவர், பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்து நிதானமாக மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வண்டி இங்கயே நிக்குது!"

"ஆமா, நிக்குது."

"கிளம்பிடுச்சுன்னு சொல்லச் சொன்னீங்களே?"

நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தனை நாளா நிஜம்னா நினைச்சே? அட! கிளம்பிடுச்சுன்னா டிரைவர் வந்துட்டாருன்னு அர்த்தம். பாதி வழியில இருக்குன்னா இப்பதான் கிளம்புதுன்னு அர்த்தம். தெருமுனைக்கு வந்துடுச்சுன்னு சொன்னோம்னா, டயர் பஞ்சர்!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. போன வாரம் ஒரு பெரியவர், "உன் குரலைக் கேட்டாலே நம்பிக்கை வருதும்மா" என்று சொல்லியிருந்தார். அன்று பூரித்துப்போனவளுக்கு இப்போது அவமானமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் போன் செய்து தொலைத்தேன்.

4

அவள் போனை வைத்ததும் மாமனார் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, தொழில் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டே?"

"அவரு வெறும் வீட்டுல உக்காந்திருக்காரு மாமா."

"இருக்கட்டும். இப்படிச் சொன்னா நாளைக்கு வேற லாரி பாத்துக்கிட்டுப் போயிடுவாரு. எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான் சொல்றாங்க."

"தெரியாம சொன்னது வேற மாமா. தெரிஞ்சு என் வாயால வராது. அப்படித்தான் சொல்லணும்னா இந்த நாற்காலி எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டாளே தவிர, வேண்டாம் என்று சொன்ன நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

5

ஒரு முடிவு: மாமனார் கண்கலங்கி, "நீதாம்மா எனக்கு உண்மையான மகள்" என்கிறார்.

(நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா? பிறகு கணக்கை யார் பார்ப்பது?)

இன்னொரு முடிவு: அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

(கிளம்பினாலும் புயலின் வண்டியில்தான் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும்.)

மூன்றாவதாக ஒன்றை எழுதத் தொடங்கினேன். அதற்குள் போன் மறுபடி அடித்தது. வேறு யாரோ. அவள் எடுக்கவில்லை. நாத்தனாரும் எடுக்கவில்லை. கடைசியில் மாமனாரே எடுத்தார்.

"சொல்லுங்க... ஆமாங்க... வண்டிதானே?"

ஜன்னலைப் பார்த்தார். லாரி நின்றுகொண்டிருந்தது. மருமகளைப் பார்த்தார். அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள். மறுபடி உட்காருவதா, எழுந்து உள்ளே போவதா என்பது அவர் வாயிலிருந்து வரப்போகும் சொல்லில் இருந்தது.

"வண்டி..." என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. பல வருஷத்துப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சத்தை நான் இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம். இத்தனை நேரம் அதைத்தானே செய்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இட்டுக்கட்ட எனக்கு நாக்கு எழவில்லை. அவருக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். பார்த்துச் சொல்லுங்கள், அவள் இன்னும் பாதி எழுந்தபடியேதான் இருக்கிறாள்.