ஆணியில் மாட்டிய எனாமல் குவளை

டெர்ப்ளான்ஷ் வம்சத்தில் எவனும் மூன்று காரியங்களைச் செய்ததில்லை, உலகம் உள்ளளவும் செய்யப்போவதுமில்லை. மோதலில் பின்வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கத்தியைத் தொட்டதில்லை. கறுப்பன் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைத்ததில்லை.

கிதியோன் டெர்ப்ளான்ஷ் இதை டோரிங்டால் பள்ளியின் உடைமாற்றும் அறையில், ஒரு காலில் மட்டும் காலுறையோடு நின்று அறிவித்தான். வயது பதினேழு. கழுத்துச் சுற்றளவு பதினெட்டு அங்குலம். தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து என்று தனியாக ஒன்று இருப்பதை அளவு நாடா வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அறிவிப்புக்குக் காரணம் ஃபானி. அணியிலேயே குள்ளன். பயிற்சி முடிந்த தாகத்தில், அணிக்குப் புதிதாக வந்த கறுப்புப் பையன் மொன்வாபிசியின் நீல எனாமல் குவளையை எடுத்துக் குடித்துவிட்டான்.

"எங்க, நாக்கை நீட்டுடா பாப்போம்," என்றான் கிதியோன். "ஐயையோ, நுனி கறுக்க ஆரம்பிச்சிருச்சே! விடியறதுக்குள்ள முழுசாப் பரவிடும். உங்க அம்மா கதவைப் பூட்டி உன்னை வாசல்லயே நிறுத்திடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபானியும் சிரித்தான், சிரித்துக்கொண்டே போய்க் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அது உங்க வீட்டுக் குவளைதான், சின்ன பாஸ்," என்றான் மொன்வாபிசி, ஷூ கயிற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

உண்மைதான். மொன்வாபிசியின் அப்பா டெர்ப்ளான்ஷ் பண்ணையில் பதினொரு வருடம் டிராக்டர் ஓட்டியவர். சமையலறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணி, ஆணியில் அந்தக் குவளை. அவருக்கென்று தனியாக. மழை பொய்த்து ஆடுகள் செத்து, அந்தக் குடும்பத்தை அனுப்பிவைத்த அன்று, கிதியோனின் அம்மா குவளையையும் மூட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். பெருந்தன்மையான பெண்மணி. வேறு யாரும் அதைத் தொடப்போவதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது, நிறவெறி ஆட்சி முடியப்போகிற நேரம். வெள்ளையர் பள்ளி முதல்முறையாகக் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது, மூன்று பேரை. ரக்பி அணியின் முன்வரிசை நடு ஆள் கோபஸ் காற்றாலைக் கம்பத்திலிருந்து விழுந்து தோளெலும்பை முறித்துக்கொள்ள, அந்த இடத்துக்கு மொன்வாபிசி வந்தான். கறுப்பர்களுக்கு ரக்பி வராது என்பது டோரிங்டாலின் நம்பிக்கை. ஆறு கிலோமீட்டர் தள்ளி அவர்கள் குடியிருப்பில் அறுபது வருடமாக ஆடிவந்ததை யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பிராக்ஃபோர்ட் பள்ளியோடு ஆட்டம். மாகாணத் தேர்வாளர் அந்தப் பக்கம் வருடத்துக்கு ஒரே ஓர் ஆட்டம்தான் பார்ப்பார், அது இதுதான். அவர் குறிப்பேட்டில் பெயர் ஏறினால் கிதியோனுக்கு நகரத்தில் கல்லூரி. ஏறாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் கசாப்புக் கடையில் குடல் கழுவ வேண்டும். பண்ணையை அப்பா விற்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கிதியோன் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. கனவில் அவனுடைய பெரிய கைகள் ஒரு தொட்டிக்குள் எதையோ அலசிக்கொண்டே இருந்தன.

ஸ்க்ரம் என்பது எட்டுப் பேர் கட்டிக்கொண்டு எதிரணி எட்டுப் பேரை முட்டுவது. முன்வரிசையில் மூன்று பேர். நடு ஆளின் இரண்டு கைகளும் பக்கத்து ஆட்களின் தோள்மேல் போய்விடும். அந்த இருவரும் அவன் உடம்பைச் சுற்றிக் கைபோட்டுத் தாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பதினாறு பேரின் கனத்தையும் அவன் கழுத்து வாங்கும்.

இடப்பக்கம் ரூலோஃப் ஒழுங்காகத்தான் கட்டினான். வலப்பக்கத்தில் கிதியோன், மொன்வாபிசியின் சட்டையை விலாப் பக்கமாக இரண்டு விரலால் பிடித்திருந்தான். வாரம் முழுக்க அப்படித்தான் பிடித்தான். பயிற்சியில் முட்டியது இரும்புச் சட்டத்தை. இரும்புச் சட்டம் திருப்பி முட்டாது.

பிராக்ஃபோர்ட் திருப்பி முட்டியது.

முதல் ஸ்க்ரமில் சட்டை கிழிந்தது. மூன்று பேரும் மூக்கு மண்ணில் பதிய விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதினார். எதிரணிக்குத் தண்டனை உதை, மூன்று புள்ளி. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் மொன்வாபிசியின் கழுத்திலிருந்து காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் கிதியோனின் காதருகே கேட்டது. அவன் எழுந்து நின்றதைப் பார்க்கும்வரை கிதியோனுக்கு மூச்சு வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு விரல்தான்.

இடைவேளையில் பன்னிரண்டுக்குப் பூஜ்யம். ஊர் ஆழ்துளைக் கிணறே வற்றிக் கிடந்ததால் ஒரே ஒரு வாளித் தண்ணீர். ஆளுக்கு ஓர் அகப்பை, ஆரஞ்சுப் பழத்தில் கால் துண்டு. மொன்வாபிசி தன் பங்கைக் குவளையில் வாங்கி, ஒரு மிடறு குடித்துவிட்டு, கம்பத்தடியில் துணி மூடி வைத்தான். பிறகு நேராக வந்தான்.

"டேய், செத்த எலியை வாலைப் பிடிச்சுத் தூக்குற மாதிரி தூக்குறியே, நான் என்ன எலியா?"

"நான் பிடிக்கிறபடிதான் பிடிப்பேன்."

"பிடி. என் கழுத்து ஒடிஞ்சா எங்க அம்மா அழுவா. உனக்கென்ன, அந்தா அந்தத் தொப்பிக்காரர் நீ விழுறதை எண்ணிட்டு இருக்காரு. திங்கக்கிழமை குடல் கழுவப் போறவன் நீதானே?"

"யாரு சொன்னா உனக்கு?"

"ஊரே சொல்லுது. இதுல ரகசியம் வேறயா!"

கிதியோன் வேலிப் பக்கம் பார்த்தான். தேர்வாளர் உலர்ந்த மாட்டிறைச்சியை மென்றபடி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதினாரா அடித்தாரா தெரியவில்லை.

இரண்டாம் பாதியின் முதல் ஸ்க்ரம். கிதியோன் கண்ணை மூடிக்கொண்டு கையை முழுசாகப் போட்டான். அக்குளுக்குக் கீழே, விலா எலும்பு விரலில் தட்டும்படி, சதையோடு சேர்த்து. சூடாக இருந்தது. வியர்வை அவனுடையதைப் போலவே உப்பு நாற்றம் அடித்தது. இது அவனுக்குச் செய்தியாக இருந்தது என்பதுதான் கேவலம்.

"இறுக்கு," என்றான் மொன்வாபிசி.

இறுக்கினான். பிராக்ஃபோர்ட் முட்டியது. யாரும் விழவில்லை.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்திலிருந்து மேளதாளம் தொடங்கியிருக்கும். டோரிங்டால் ஏழு புள்ளி எடுத்தது, பிறகு மூன்று. பன்னிரண்டுக்குப் பத்து. கடைசி நிமிடம், எதிரணிக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஒரு ஸ்க்ரம். கிதியோன், மொன்வாபிசி இருவர் தலையும் காதோடு காது தேய, எட்டுப் பேரும் ஒரே மூச்சில் உந்தினார்கள். ஒரு மீட்டர். இரண்டு. நான்கு. கோட்டின் சுண்ணாம்பு கிதியோனின் கண்ணுக்கு நேரே தெரிந்தது. பந்து சறுக்கி வெளியே ஓடியது, பிராக்ஃபோர்ட் அதை மைதானத்துக்கு வெளியே உதைத்தது, நடுவர் கடைசி விசிலை ஊதிவிட்டார்.

தேர்வாளர் காருக்குப் போகும் வழியில் நின்று மொன்வாபிசியிடம் பெயர் கேட்டு, இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். கிதியோன் பின்னாலேயே ஓடினான்.

"சார், ரெண்டாவது பாதியில பாத்தீங்களா சார்? ஒரு தடவைகூட விழலை."

"பாத்தேன் தம்பி. நல்லாத்தான் பிடிச்சே." அவர் கார்க் கதவைத் திறந்தார். "பக்கத்து ஆளைப் பிடிக்கறதுக்கு ஒருத்தனுக்கு அரை ஆட்டம் ஆகுதுன்னா, அவனை நான் எந்த அணிக்கு அனுப்புறது? உன் பேரை முதல் பாதியிலயே அடிச்சுட்டேன்."

கார் போன புழுதி அடங்க நேரமாயிற்று. கிதியோன் கம்பத்தடியில் வந்து உட்கார்ந்தான். வாளியைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் மணல்தான் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாமா கடையின் தொட்டி ஞாபகம் வந்தது.

பக்கத்தில் மொன்வாபிசி கழுத்தைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தான். குவளையின் துணியை எடுத்து, ஒரு மிடறு குடித்து, மீதியை இருவருக்கும் நடுவே மண்ணில் வைத்தான். பிறகு மறுபடி கழுத்தைப் பிடித்துவிடத் தொடங்கினான்.

எதிரே ஃபானி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன், அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

கிதியோன் குவளையை எடுத்தான். விளிம்பில் எனாமல் பெயர்ந்த இடம் எது என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, தலை குனிந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.