கதவைச் சாத்தாத டையோடு

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலி தேவலையா? நானும் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டுதான் இதைத் தட்டுகிறேன். போன வாரம் கம்பெனியில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நோயாளிகளின் மூச்சு இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு எங்களுடையது. வடிவமைத்தவள் என் மருமகள். சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான். அதில் வழக்கமாக வைக்கும் டையோடு எங்கேயும் கிடைக்கவில்லை. கொள்முதல் மேனேஜர் வேறொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார்.

"அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே சைஸ். நம்ம டெஸ்ட் பெட்டியிலயும் பாஸ். கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, நாளைக்கு லாரி கிளம்பணும்."

டையோடு மின்சாரத்துக்கு ஒருவழிக் கதவு. திரும்பி வரப் பார்த்தால் சாத்திவிட வேண்டும். டெஸ்ட் பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. நொடிக்கு ஐம்பது தடவை சாத்தினால் பாஸ். எங்கள் போர்டிலோ அறுபதாயிரம் தடவை! சாத்தத் தாமதித்தால் மின்சாரம் திரும்பிப் பாய்ந்து டையோடே சூடேறிக் கருகிவிடும்.

"எவ்வளவு வேகமா சாத்தும்னு இதோட விவரத் தாள்ல எங்க இருக்கு தம்பி?"

"அதெல்லாம் போடலம்மா."

"அப்ப நானும் போடல."

அவர் முகம் கடுகடுத்தது. "போடறதுக்கு வேற ஆளா கிடைக்காது? இந்த வயசுல வீட்ல ஓய்வெடுங்களேன்."

மருமகள் என் முழங்கையைக் கிள்ளினாள். "அத்தை, வேலை போயிடும்."

"போனா உன் சமையலையே சோதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ இந்த டையோடுல ஒண்ண எடுத்து சால்டர் பண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்டில் பற்றவைத்து, போர்டு உட்காரும் கூட்டின் மூடியையும் இறுக்கி, முழு லோடு கொடுத்தோம். மேனேஜரை எதிரே உட்கார வைத்தேன். சூடு காட்டும் மீட்டரில் அறுபது, தொண்ணூறு, நூற்று நாற்பது டிகிரி. பன்னிரண்டாவது நிமிடம் 'பட்' என்றது. கருகல் நாற்றம்.

"ஒரு பீஸ் மோசமா இருந்திருக்கும்," என்றார்.

"பரவால்ல, மேசை நிறையக் கிடக்கு. உக்காருங்க."

மூன்றாவதும் கருகியதும் எழுந்து நின்றார். "முதலாளி பெரியவர்கிட்ட சொல்றேன்."

"நல்லா சொல்லுங்க. இதையும் எடுத்துட்டுப் போங்க." அவர் கொண்டுவந்த அனுமதிப் படிவத்தில் 'கூடாது' என்று சிவப்பில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன். நான் மட்டும் இல்லை, மருமகளும் போட்டாள்.

லாரி கிளம்பவில்லை. நாளைக்குப் பெரியவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். கருகிய மூன்றையும் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வேலை இருக்குமோ இருக்காதோ, கையெழுத்து மாறாது.

உங்களையும் யாராவது 'கையெழுத்து மட்டும் போடுங்க' என்று நெருக்கியிருக்கிறார்களா? என்ன செய்தீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள்.