தலைகீழாகப் புதைத்த பாட்டில்

பழைய பாட்டில் விற்க வருகிறவன் எவனும் பாட்டிலை மட்டும் கொண்டுவருவதில்லை. கூடவே ஒரு தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வருவான். மதுவிலக்குக் காலத்தில் தாத்தா போலீஸுக்குப் பயந்து புகையிலைக் கொட்டகையில் ஒளித்தது, சாகும்போது அப்பாவின் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனது என்று ஆரம்பிப்பான். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கண்ணாடி வார்த்த வருஷம் இருக்கும். அநேகமாக அது தாத்தா செத்து வெகுகாலம் கழித்து வார்த்த கண்ணாடியாக இருக்கும். தாத்தாவைக் கழித்துவிட்டு விலை சொல்வேன்.

அமெரிக்காவின் கென்டக்கியில், எங்கள் வட்டாரத்தில், தனி ஆட்களிடம் பழைய பர்பன் விஸ்கி வாங்கி விற்க உரிமம் உள்ள ஒரே கடை என்னுடையது. கோர்ட்டுக்கு எதிரே முன்பக்கம் பார், பின்பக்கம் சமையலறை. சமையலறை என் சித்தப்பா மகள் நோரீனின் ராஜ்யம். தட்டு கொடுக்க நடுச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே தட்டு வருவதைவிட நோரீனின் அபிப்பிராயம்தான் அதிகம் வரும்.

போன அக்டோபரில் ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு, ராய்ஸ் ஹேகன் மாட்டுத் தீவனச் சாக்கு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

ராய்ஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, அவன் அம்மாவின் பண்ணையில் எனக்கும் அவனுக்கும் கல்யாணம். நான் வந்தேன். பாதிரியார் வந்தார். ஊரே வந்தது. ராய்ஸ் மட்டும் வரவில்லை. அவன் அப்போது ஆற்றைத் தாண்டி இண்டியானாவில் எங்கேயோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு தடவை போனில் மன்னிப்புக் கேட்டான். நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டு, நிறைவாக வாழ்ந்து, அவரை அடக்கம் செய்தும் ஆயிற்று. ஆகவே ராய்ஸை நினைத்து உருகிக்கொண்டிருந்தேன் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம்.

"எப்படி இருக்கே வெல்மா?" என்றான்.

"கடை திறந்திருக்கு. அப்படித்தான் இருக்கேன்."

ஜன்னலில் நோரீனின் தலை முளைத்தது. "மாப்பிள்ளை வந்துட்டாரா? கொஞ்சம் லேட்டு."

"நோரீன், நீ மாறவே இல்ல."

"நீயும்தான். பின்பக்கக் கதவு பூட்டியிருக்கு. ஓடணும்னா முன்வாசல் வழியாத்தான் ஓடணும், சொல்லிட்டேன்."

ராய்ஸ் காது சிவக்கச் சிரித்துவிட்டு, சாக்கிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து கவுன்ட்டரில் வைத்தான். ஒன்றின் தகர மூடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே பாதிகூட இல்லை. இருந்ததும் கலங்கிக் கிடந்தது. மற்றதில் ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பை கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியிலிருந்து கழுத்துவரை வெள்ளை மெழுகு தடிமனாகப் பிடித்திருந்தது. விஸ்கி கழுத்துவரை அப்படியே நின்றது.

அந்த மெழுகை எனக்குத் தெரியும். ஜாம் பாட்டிலின் வாயை அடைக்க ஊற்றுகிற மெழுகு. என் அம்மாவின் அடுப்பில் அதை உருக்கி, அந்தக் கழுத்தைத் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தவள் நான்.

எங்கள் பக்கம் வெட்டவெளியில் கல்யாணம் என்றால், ஒரு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து அந்த இடத்தில் ஒரு முழு பர்பன் பாட்டிலைத் தலைகீழாகப் புதைப்பார்கள். புதைத்தால் அன்றைக்கு மழை வராது. கல்யாணம் முடிந்ததும் தோண்டி எடுத்து முதல் மடக்கை இருவரும் குடிப்பார்கள். எனவே மண்ணுக்குள்ளேயே தங்கிப்போன பாட்டில் என்றால் எங்கேயோ ஏதோ கோணலாகிவிட்டது என்று பொருள்.

"அம்மா வீட்டை விக்கறேன்," என்றான் ராய்ஸ். "வாங்கறவன் சாக்கடைக் குழாயை மாத்தித் தரச் சொன்னான். தோண்டறப்ப ஒண்ணு பம்புக்குப் பக்கத்துல கெடைச்சுது, இன்னொண்ணு வால்நட் மரத்தடியில. ரெண்டும் லைலோடது."

லைல் அவன் அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமானான். அவனுக்கும் பெகிக்கும் அதே முற்றத்தில், எங்களுடையதற்கு முந்தைய வருஷம், கல்யாணம். அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பந்தல் கேக்கின்மேல் சாய்ந்தது. பாட்டிலை எடுக்கலாம் என்றால், புதைத்த அன்று லைல் வேறொரு பாட்டிலைக் காலி செய்திருந்ததால் இடம் நினைவில்லை. கோட்டும் டையுமாக ஆண்கள் மண்வெட்டி பிடித்து, பன்றி புகுந்த சோளக்கொல்லை மாதிரி முற்றத்தைப் புரட்டியதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

"ரெண்டுமா லைலோடது?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். ஒண்ணைப் புதைச்சிருப்பான். எங்க புதைச்சோம்னு மறந்துபோய் இன்னொண்ணைப் புதைச்சிருப்பான். லைலைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

வாங்குவதா வேண்டாமா என்பது அந்த நிமிஷத்திலிருந்து விஸ்கி விஷயமாக இல்லை. இவனுக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்பதே விஷயமாகிவிட்டது. அவன் ஓடிப்போனது எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் பாட்டிலைப் புதைத்த அந்த மே மாதக் காலையை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. கல்யாணத்தன்று அவன் என்ன செய்திருந்தாலும், அந்தக் காலையில் அவன் பொய் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது அவன் தலையில் இல்லவே இல்லை என்றால், இத்தனை வருஷம் நான் என்னத்தைக் காவல் காத்தேன்?

"மெழுகு போட்டிருக்கே. லைலா போட்டான்?"

"பெகி போட்டிருப்பா."

"பெகிக்கு வெந்நி வைக்கவே தெரியாது," என்றது ஜன்னல்.

நான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தொழில் செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அது வசதி. "வால்நட் மரத்தடியில புதைச்சவன் ஏன் அங்க போய்த் தேடல? மரம் எங்கயும் எழுந்து போயிடலையே."

ராய்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் முகம் இளகியது. "அந்தக் காலையைப் பத்தி லைல் சொல்லியிருக்கான் வெல்மா. நேர்ல பாத்த மாதிரி இருக்கு எனக்கு. ஒரே மூடுபனி. குழி தோண்டினா மண்வெட்டி மர வேர்ல போய் மாட்டிக்கிச்சு, வரமாட்டேங்குது. பெகி சிரிச்சுக்கிட்டே முட்டி போட்டு உக்காந்து கையாலயே மண்ணை அள்றா. மஞ்சக் கவுன். முட்டியில ரெண்டு வட்டமா சேறு. இன்னும் ஆழமா, இன்னும் ஆழமாங்கறா. எதுக்கு இவ்ளோ பயப்படறே, வானமே இடிஞ்சு விழுந்தாலும் அன்னைக்கு நான் இங்க நிப்பேன்னு சொன்னானாம்."

மஞ்சள் கவுன் என்னுடையது. பெகிக்கு மஞ்சள் ஆகாது. போட்டால் காமாலைக்காரி மாதிரி இருக்கிறேன் என்று அவளே சொல்வாள்.

பனி, வேர், சேறு, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். தன்னை மட்டும் அதிலிருந்து கழற்றிவிட்டு அண்ணனை மாட்டியிருந்தான். வேண்டுமென்றே செய்கிறானா என்று கண்ணைப் பார்த்தேன். இல்லை. அவன் மனசாரச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என் கை தானாகக் கவுன்ட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடும். நன்றாகத் துடைத்தேன்.

"நல்ல மனுஷன் லைல்," என்றேன்.

"சொன்ன சொல்லுக்கு நின்னானே. மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நின்னான்." ராய்ஸின் கண்ணில் தண்ணீர் கட்டியது. "நான் அப்படி இல்ல, உனக்கே தெரியும்."

துடைப்பதை நிறுத்தினேன். மனிதன் கிட்டத்தட்ட உண்மையின் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் நிற்கிறான். கையைப் பிடித்து இழுத்துவிடலாம்தான். ஏன் இழுக்க வேண்டும்? அன்றைக்கும் நான் யாரையும் இழுத்துக்கொண்டு வர ஆள் அனுப்பவில்லை.

"பம்புக்குப் பக்கத்துல கெடைச்சது செத்துப்போச்சு," என்றேன். "சாக்கடையில ஊத்திடலாம். மெழுகு போட்டதை நான் வாங்க முடியாது."

"ஏன்? அதுதானே நல்லா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. உன் அப்பா காலத்துச் சரக்கு, இப்ப தேடினாலும் கெடைக்காது. லூயிவில்லிலேர்ந்து காரைப் போட்டுக்கிட்டு வந்து ஒரு அவுன்சுக்கு அடிச்சுப்பாங்க. ஆனா லைலோடதுன்னா அது பெகிக்குத்தானே சேரணும்? விதவை சொத்துல நான் கை வைக்கமாட்டேன். அவகிட்ட காட்டு. அவ விக்கச் சொன்னா எடுத்துட்டு வா."

ராய்ஸ் யோசித்தான். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். பாட்டிலைச் சாக்கில் சுற்றினான்.

நோரீனின் தலை மறுபடி வந்தது. திருவிழாவுக்குக் கிளம்புகிறவள் முகம். "ராய்ஸ், பெகிகிட்ட அந்த மஞ்சக் கவுனைப் பத்தியும் சொல்லு. மறந்துடாதே. ரொம்ப சந்தோஷப்படுவா."

அவன் போனதும் நோரீன் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

"நான் ஏன் சொல்லணும்?"

"பெகி கையை ஓங்குவாளா?"

"அவளுக்கு வாயே போதும்."

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்தது. கோழியும் ஆட்டுக்கறியும் சோளமும் போட்ட நோரீனின் குழம்பைத் தின்று, உப்பைக் குறை சொல்லி, இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டு போனது. நான் இரண்டு பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன். கதவு திறக்கிறபோதெல்லாம் திரும்பிப் பார்க்காமல் இருக்கத்தான் பாடுபட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ராய்ஸ் வந்தான். தொப்பி கையில் இருந்தது. பாட்டிலை மெதுவாகக் கவுன்ட்டரில் வைத்தான். உட்காரவில்லை.

"பெகி என்ன சொன்னா?" என்று கேட்டது நோரீன்தான்.

"அவளுக்கு மஞ்சளே ஆகாதாம்."

"வேற?"

"வேற சொன்னதையெல்லாம் இங்க சொல்ல முடியாது."

ராய்ஸ் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன் வேறு ஒன்றைக் கேட்டான்.

"அன்னைக்கு மழை பெஞ்சுதா, வெல்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று என்ன நடந்தது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர. பாதிரியார் என்ன சொன்னார், யார் முதலில் எழுந்து போனார்கள், கேக்கை யார் வெட்டினார்கள், எதுவும் அவனுக்குத் தெரியாது. யாரிடம் கேட்பான்? இத்தனை வருஷமும் எப்படியும் மழை வந்து கல்யாணம் கெட்டிருக்கும் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டானோ என்னவோ.

"இல்ல," என்றேன். "ஒரு துளி இல்ல. நல்ல வெயில். பாதிரியாருக்கு மூக்குத் தோலே உரிஞ்சுபோச்சு."

அவன் தலையசைத்தான். "அப்ப பாட்டில் சொன்னதைச் செஞ்சிருக்கு."

"ஆமா. பாட்டில் செஞ்சுது."

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதான் முப்பது வருஷமாக இருந்தேன் போலிருக்கிறது. பார்த்தபோது நினைத்த அளவு இனிக்கவில்லை.

"இது உன்னோடதுதான், வச்சுக்கோ," என்றான். "காசு வேணாம்."

"வேணும். சும்மா குடுத்தா உறவு. காசு வாங்கிட்டுக் குடுத்தா வியாபாரம். விலையைச் சொல்லு."

சொன்னான். அடிமாட்டு விலை. நான் ஏற்றினேன். அவன் இறக்கினான். விற்கிறவன் குறைத்துக் கேட்டு, வாங்குகிறவள் கூட்டிக் கொடுக்கப் போராடிய பேரம் என் கடையில் அது ஒன்றுதான். கடைசியில் நியாயமான விலைக்கு வந்தோம். நோட்டுகளை எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக, ஓடாமல், நடந்தே போனான்.

"மேல் தட்டுல வைக்கவா?" என்று நோரீன் கேட்டாள். "லூயிவில்காரன் வந்தா நல்ல காசு பாக்கலாம்."

"கத்தி கொண்டா."

மெழுகு கல்லாக இறுகியிருந்தது. நான் போட்டதாயிற்றே, வெட்டி எடுப்பதற்குள் மணிக்கட்டு வலித்தது. முதல் மடக்கு மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்பது வழக்கம். பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை இடத்துக்குத்தான் ஆள் வேண்டும். அன்றைக்கு எல்லோரும் மெல்ல மெல்லக் காரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகும், நாற்காலிகளை மடக்க ஆள் வந்த பிறகும், மணப்பெண் தோழிக்கான உடுப்பில் வியர்வை வழிய, ஒரு கையில் கேக்குத் தட்டோடு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கத்திலேயே நின்றவள் ஒருத்திதான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் இன்றுவரை கண்டதில்லை.

முதல் கிளாஸை நோரீனுக்கு ஊற்றினேன். அவள் மோந்து பார்த்தாள், கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்தாள், நாக்கால் இங்கும் அங்கும் துழாவி ஏதாவது குறை அகப்படுகிறதா என்று வெகுநேரம் தேடினாள்.

"சனியன்," என்றாள் கடைசியில். "நல்லாத்தான் இருக்கு."