ஐந்தடி நாலு அங்குலம்

சவப்பெட்டி செய்பவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நாலடி பத்து," என்றார்.

"அஞ்சடி நாலுன்னு எழுதிக்குங்க," என்றாள் மூன்றாவது மகள்.

அவர் அம்மாவை மறுபடி பார்த்தார். வளைந்த முதுகு மெத்தையில் படியாமல், ஒருக்களித்துக் கிடந்தாள்.

"அளந்துதானே சொல்றாரு?" என்றான் பெரியண்ணன்.

"இன்னிக்கு அளந்தாரு. அம்மா கல்யாணத்தப்ப வந்து அளந்திருக்கணும்."

அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். பன்னிரண்டு வருடத்தில் ஏழு பிள்ளைகள். ஒன்று பால் மறப்பதற்குள் அடுத்தது வயிற்றில். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவளுக்கு, பெரும்பாலும் மிஞ்சாது. ஐம்பது தாண்டியதும் கூன் விழுந்தது. "குனிஞ்சே வேல செஞ்சா வேறென்ன ஆகும்?" என்றார் அப்பா. எல்லோரும் நம்பினார்கள்.

போன மாதம் நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, இன்று காலை போய்விட்டாள்.

விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எத்தனை பிரசவம்?" என்று கேட்டார். ஏழு என்று மூன்றாவது மகள் சொன்னதும் தலையாட்டினார். "பெத்தது மட்டும் காரணமில்ல. நடுவுல உடம்பு தேற இடமே குடுக்கல. சாப்பாடும் இல்ல. மாதவிலக்கு நின்னதும் எலும்புல மிச்சமிருந்த சத்தும் கரைஞ்சிருக்கு."

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அம்மா அவளிடம் சொன்னாள்: "கேட்டுக்கோடி. இனிமே இஸ்திரிப் பெட்டி மேல பழி போடாதீங்க."

இப்போது பெரியண்ணன் குரலைத் தாழ்த்தினான். "ஊர்ல யாரும் பெறாததையா பெத்துட்டாங்க? பெட்டி பெருசா இருந்தா உள்ள ஆடும்."

"ஆடாது. துணி மடிச்சு அண்டக் குடுக்கறேன்."

"உன் பிடிவாதம் இருக்கே..."

"நீ ஆறடி இருக்கியே, அது எங்கேருந்து வந்துச்சு?"

பெட்டி செய்பவர் எழுதிக்கொண்டார்.

மாலையில் மற்ற ஆறு பிள்ளைகளும் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். குறுகலான நடையில் திரும்பும்போது அது கதவில் முட்டி நின்றது.

"கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சா போயிடும்," என்றார் யாரோ.

"வேணாம். அம்மா வளைஞ்சது போதும். கதவைக் கழட்டுங்க," என்றாள் அவள்.

பெட்டி செய்து கொண்டுவந்தவரே கீல்களின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். ஆறு பேரும் பாரத்தோடு அசையாமல் நின்றார்கள். கடைசி ஆணி வந்ததும், அவள் ஒருத்தியாகவே கதவைத் தூக்கிப்போய்ச் சுவரில் சாய்த்து வைத்தாள்.