துணி கட்டாத காடு

பூச்சிமருந்து அடித்த காட்டில் துணி கட்டுவது புதூர்ப் பக்கத்து வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அடித்தவன் தன் பழைய வேட்டியிலோ சட்டையிலோ ஒரு கிழி கிழித்து, வரப்புப் பொழியில் கம்பு நட்டு, அதன் தலையில் கட்டிவிடுவான். துணி ஆடினால் அந்தக் காட்டில் புல் அறுக்கக் கூடாது. ஆடு இறங்கக் கூடாது. களையெடுக்க வந்தவள் வாய் வறட்சிக்கு தானாகப் படர்ந்த கொடியில் ஒரு மிதுக்கங்காயைப் பறித்துக் கடிக்கக் கூடாது. நாள் கழிந்து கட்டியவனே வந்து அவிழ்க்க வேண்டும். அடுத்தவன் கை வைக்க மாட்டான்.

கொம்பையாவின் காட்டில் மூன்று வருஷமாகத் துணி ஏறவில்லை.

அதற்கு முந்தின வருஷம் அவர் தம்பி சங்கரபாண்டி பருத்திக்கு மருந்தடித்தான். உச்சி வெயில், எதிர்காற்று. டேங்கை முதுகில் மாட்டியபடியே உழவுசாலுக்குள் குப்புற விழுந்தான். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் பந்தியில், இலை எடுக்கும் முன்னே, கொம்பையா எழுந்து நின்று சொன்னார்: “இனி எங்காட்டுல மருந்து ஏறாது.”

துக்க வீட்டில் மனுஷன் ஆயிரம் சொல்லுவான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. தம்பி பெண்டாட்டி செல்வமாரி மட்டும் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். மகள் புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இவளும் ஆடுகளும்தான். புருஷனைத் தின்றது ஆட்டையும் தின்ன வேண்டாம் என்று கொம்பையா காட்டுப் புல்லைத் தவிர வேறு புல்லை அறுக்க மாட்டாள். துணி இல்லாத காடுகளிலும் அறுக்க மாட்டாள். “எவன் எப்ப அடிச்சானோ, யார் கண்டா. எங்க பெரியத்தான் காடுன்னா கண்ண மூடிட்டு அறுக்கலாம்” என்பாள்.

கொம்பையாவும் வாய்ச் சொல்லோடு நிற்கவில்லை. வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் முடிந்து ஊறப்போட்டு, பால் மாதிரி வடித்துத் தெளித்தார். மக்காச்சோளக் குருத்துகளில் புழு மூச்சு முட்டிச் சாகட்டும் என்று கரிசல் மண்ணைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டார். கரிச்சான் குருவி உட்கார்ந்து பொறுக்கித் தின்னக் கம்புகள் நட்டார். வேளாண்மை ஆபீசில் கொடுத்த ஒட்டுண்ணி அட்டைகளை இலைக்கடியில் குத்தி வைத்தார். அதிலிருந்து வருவது எறும்பைவிடச் சின்னக் குளவி. புழுவின் முட்டைக்குள்ளே தன் முட்டையை வைத்துவிடும். அந்த முட்டை கறுத்துப்போகும், புழு பிறக்காது. “கறுத்த முட்டையக் கண்டா அந்தப் பக்கம் மருந்து வாசமே ஆகாது, பொறுத்திருங்க” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

“கொம்பையா காட்டுல பூச்சிய வச்சி பூச்சிக்குக் காவலாம்லே. சம்பளம் உண்டா?” என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு வருஷம் விளைச்சல் ஏதோ வந்ததால் சிரிக்க முடிந்தது.

இந்த வருஷம் ஐப்பசியில் ஊற்றிய மழை கார்த்திகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. படைப்புழு ஏறியது. சுற்றிலும் எல்லாக் காட்டிலும் துணி ஆடியது. கொம்பையாவின் குருத்துகளைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்குள் கொழுத்த புழு.

“வேப்பங்கொட்ட வேப்பங்கொட்டன்னு ஊத்துதிய. அது அதக் குடிச்சிட்டு உருண்டு போயிக் கெடக்கு” என்றாள் அவர் மனைவி சொர்ணத்தாய்.

“பொறு. இது மெதுவாத்தான் கேக்கும்.”

“புழு பொறுக்குமா? அதுகிட்ட கேட்டியளா?”

மறுநாள் அவர் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார். மருந்துக் கடை மைதீன் பழைய பழக்கம். கொம்பையாவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்க அண்ணாச்சி. வழி தப்பி வந்துட்டியளோ?”

“கேலி பண்ணாதீரும். படைப்புழுவுக்கு என்ன இருக்கு?”

மைதீன் பிறகு கேலி செய்யவில்லை. டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “மூக்கக் கட்டிக்கோங்க. காத்துக்கு எதிர அடிக்காதிய. துணி கட்டிருங்க.” கடைசிச் சொல்லைச் சும்மா, எல்லாரிடமும் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஊரே ஒரு கல்யாணத்துக்கு எட்டயபுரம் போயிருந்த நாளில் அடித்தார். தம்பியின் டேங்குதான். கடைசிச் சால்களுக்கு வருமுன் மருந்து தீர்ந்தது. அந்தச் சால்களை அப்படியே விட்டுவிட்டு, பொழியில் கம்பை நட்டார். வேட்டியில் கிழித்த துணியும் கையில் இருந்தது. கல்யாண வண்டி இந்தப் பாதையாகத்தான் திரும்பும். ‘ஏலே, கொம்பையா காட்டுலயும் கொடி ஏறிட்டுடோய்’ என்று வண்டிக்குள்ளிருந்து எவன் முதலில் கத்துவான் என்பதுகூட அவருக்குத் தெரிந்தது. துணியை மடியில் செருகிக்கொண்டு கம்பைப் பிடுங்கிப் போட்டார்.

சாயங்காலம் செல்வமாரி வீட்டு வாசலில் போய் நின்றார்.

“ஏளா மாரி, கொஞ்ச நாளைக்கு நம்ம காட்டுக்குப் புல்லுக்கு வராத. நல்லபாம்பு ஒண்ணு திரியுது.”

“எங்கன பாத்திய?”

“மேக்கால. பெருசு.”

“சரி” என்றாள்.

சரி என்றவள் மறுநாள் ஒரு கம்போடு போனாள். பாம்புக்குப் பயந்தவள் கரிசல் காட்டில் புல் அறுத்துப் பிழைக்க முடியாது. மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டு, கிழக்கால் ஒரு கட்டுப் புல் அறுத்து வந்து ஆடுகளுக்குப் போட்டாள்.

முதலில் குட்டிகளுக்கு முழங்கால் மடிந்தது. பிறகு பெரிய ஆடுகள். வாயில் நுரை தள்ளி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மாட்டு டாக்டர் வருமுன் தொழுவம் அடங்கிவிட்டது. பால் குடி மறக்காத, புல் கடிக்கத் தெரியாத ஒரு குட்டி மட்டும் செத்த தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

“சோளந்தான்” என்றார்கள் கூடியவர்கள். மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தைத் தின்றால் ஆடு சாகும். அது எல்லாருக்கும் தெரிந்த சாவு. பக்கத்துக் கருத்தையாவின் காட்டில் இளஞ்சோளம் நின்றது. காலையில் ஆடுகள் அவிழ்ந்து அந்தப் பக்கம்தான் ஓடின என்று ஒருவர் சொன்னார். வேலியை அடைக்காமல் விட்டவன் அவன்தான் என்று இன்னொருவர் சொன்னார். கொம்பையாவும் அங்கே நின்றார். கொம்பையாவைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. துணிதான் இல்லையே.

செல்வமாரி நேராகக் கருத்தையா வீட்டு முன்னால் போய் நின்றாள்.

“வேலி அடையும் அடையும்னு எத்தன தரம் சொல்லியிருப்பேன்? வாயில்லாச் சீவனக் கொன்னுட்டீரே!”

“ஒன் ஆடு எங்காட்டுல எறங்குனத நீ பாத்தியா? சும்மா வாயில வந்ததப் பேசாத.”

“நான் பாக்கல. மேல இருக்கவன் பாத்திருப்பான்.”

குனிந்து இரண்டு கையாலும் தெரு மண்ணை அள்ளினாள்.

கருத்தையாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்து உள்ளே படுத்திருந்தாள். வயிறெரிந்த பொம்பளை மண்ணை வாரித் தூற்றினால் அந்த வீட்டில் என்ன தங்கும்? “வேண்டாம் தாயி. புள்ளத்தாச்சி இருக்கா தாயி” என்று படியிறங்கிக் கும்பிட்டார். அதற்குள் செல்வமாரியின் கை ஓங்கிவிட்டது.

“எறியாத மாரி” என்றார் கொம்பையா.

அவள் திரும்பவில்லை. “நீங்க தள்ளி நில்லுங்க அத்தான்.”

“அவர் காட்டுச் சோளம் இல்ல. நம்ம காட்டுப் புல்லு. நான்தான் மருந்தடிச்சேன்.”

செல்வமாரி ஓங்கிய கையோடு அவரைப் பார்த்தாள். அவர் மேல் எறிவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார், எறிந்தால் தேவலை என்றிருந்தது. அவள் கையை இறக்கினாள். மண் விரலிடுக்கில் வழிந்து அவள் காலடியிலேயே விழுந்தது.

“பாம்புன்னியளே.”

“ஆமா.”

“ஒங்க தம்பி விழுந்த அன்னைக்குக்கூட பொழியில துணி ஆடிட்டுத்தான் இருந்துச்சி” என்றாள். “மொதல்ல அதக் கட்டிட்டுத்தான் அவிய டேங்கையே தூக்குனாவ.”

அதற்கு மேல் அவள் அவரோடு பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. சொர்ணத்தாய் நல்ல சினையாடு ஒன்றை ஓட்டிக்கொண்டு போனாள். வாசலிலிருந்தே திரும்பி வந்தாள். அந்த வாரமே செல்வமாரி வீட்டைப் பூட்டிக்கொண்டு, மிஞ்சின குட்டியைக் கட்டைப்பையில் தலை மட்டும் தெரிய வைத்துக்கொண்டு, புதியம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தையல் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டுகிற வேலை என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

தெருவில் உண்மையைச் சொன்ன அன்று சாயங்காலமே கொம்பையா துணியைக் கட்டியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. கட்டிவிட்டு, மருந்து எட்டாமல் விட்ட கடைசிச் சால்களுக்குள் நடந்தார். ஒரு இலையைத் திருப்பினால் முட்டைக் குவியல், மிளகு மாதிரிக் கறுத்திருந்தது. அடுத்த இலையிலும் கறுத்திருந்தது. குளவிகள் சொன்ன வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. பொறுத்திருந்தால் பயிர் தப்பியிருக்குமா என்று அவரால் சொல்ல முடியாது. முட்டை கறுத்திருந்தது, அவ்வளவுதான். மருந்தடித்த சால்களில் குளவியும் இருக்காது. இலையை விட்டுவிட்டார்.

விளைச்சல் மோசமில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

தை மாதம் கதிர் ஒடிக்கப் பெண்கள் வந்தார்கள். துணியை அவிழ்த்து வெகுநாளாகியிருந்தது. மக்காச்சோளத் தட்டைகளுக்கு நடுவே மிதுக்கங்கொடி எங்கும் படர்ந்து, பழங்கள் மஞ்சளாகிப் பிளந்து வாசம் தூக்கியது. போன வருஷம் இதே பெண்கள் மடி மடியாகப் பறித்தார்கள். “பொழுதெல்லாம் திங்கிறதுக்கா கூலி” என்று சொர்ணத்தாய் ஏசியிருக்கிறாள். இப்போது மத்தியானக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது, பழம் கிடந்த இடத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கொம்பையா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய் ஒரு பழத்தைப் பறித்து, வேட்டியில் துடைத்து, அவர்கள் முன்னால் நின்று கடித்தார். சாறு தாடியில் வழிந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் தூக்குச்சட்டியை மூடினாள்.

“நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி” என்றாள்.