எண்ணெய்க் கட்டிலில் செக்கிங் அக்கா

கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் மேசைக்குப் பின்னால் நின்று, தைத்து வந்த சட்டைகளில் தொங்கும் நூலையும் விட்டுப்போன தையலையும் தேடிக்கொண்டிருந்தவள் அவள். கம்பெனி மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் வேறு கம்பெனி தேடிப் போனார்கள். அவள் ஓர் ஆயுர்வேத சிகிச்சை மையத்தில் தெரபிஸ்ட் பயிற்சிக்குச் சேர்ந்தாள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பெண்கள். பயிற்சி தரும் மேடமே அவளைவிட வயதில் சின்னவர். முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் சீருடைக் காலரில் தொங்கிய நூலை இவள் பேச்சோடு பேச்சாக அறுத்து எடுக்க, அன்றைக்கே ‘செக்கிங் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாடம் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. எந்த வலிக்கு எந்தத் தைலம், எவ்வளவு சூடு, எந்தத் தசையை எந்தப் பக்கமாகத் தள்ள வேண்டும் என்பதையெல்லாம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உருப்போட்டாள். கையும் நன்றாகவே ஓடியது. வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. எண்ணெய் சிகிச்சைக்கு ஒருவர் மரக்கட்டிலில் படுக்க, இரண்டு பேர் இருபக்கமும் நின்று தலையிலிருந்து பாதம் வரை தேய்க்க வேண்டும். நாலு கையும் ஒரே ஆளுடைய கை மாதிரி போக வேண்டும். பழகுவதற்கு நோயாளிக்கு எங்கே போவது? மாணவிகளே முறை வைத்துப் படுப்பார்கள்.

அவள் முறை வந்தது. குப்புறப் படுத்தாள். வகுப்பிலேயே வேகமான பெண்ணான மின்னல், உள்ளங்காலில் கையை வைத்தாள். அடுத்த நொடி செக்கிங் அக்காவின் கால் தானாக உதைத்தது. எண்ணெய்க் கிண்ணம் எகிறிப்போய் மேடமின் வெள்ளைக் கோட்டில் கவிழ்ந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். மூன்று முறை முயன்றும் அதே கதைதான். கை பட்டால் துள்ளினாள், நெளிந்தாள், கடைசியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

“மேடம், எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. நான் எத்தனை பேருக்கு வேணும்னாலும் தேய்ச்சு விடறேன். என் முறையை மட்டும் வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

மேடம் கோட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அது முடியாதுக்கா. கட்டில்ல படுக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியாம நீங்க தேய்ச்சீங்கன்னா, அது மாவு பிசையற மாதிரிதான். பரீட்சையில ரெண்டுமே உண்டு. தேய்க்கவும் வேணும், படுக்கவும் வேணும்.”

வீட்டில் அன்று நாத்தனார் வந்திருந்தார். தம்பி வீட்டுக்கு வந்தால் தம்பி மனைவியைப் பற்றி ஏதாவது சொல்லாமல் போக மாட்டார்.

“இத்தனை வயசுக்கு மேல போய் யாரோ ஒருத்தர் காலைப் பிடிக்கணுமா? நம்ம குடும்பத்துல இப்படி உண்டா?”

“ஊர்ல பாதிப் பேர் வேலை வேணும்னு காலைப் பிடிக்கறாங்க அண்ணி. எனக்குக் காலைப் பிடிக்கறதே வேலை. அவ்வளவுதான் வித்தியாசம்.”

ஸ்கூல் வேன் ஓட்டும் கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். நாத்தனார் போன பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, கொஞ்சம் என் காலைப் பிடிச்சு விடுங்க.”

“நானா?”

“கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. இப்பவாவது பிடிங்க.”

கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். அவன் கியர் போடுகிற கையால் குதிகாலைப் பிடித்தான். அவள் நெளிந்தாள். மறுபடி பிடித்தான். மறுபடி நெளிந்தாள். அவன் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.

“உனக்குக் கூச்சமெல்லாம் இல்ல. நீ எழுந்திரிக்கப் பாக்கற.”

“என்ன சொல்றீங்க?”

“டி.வி. பாக்கும்போதுகூட நீ சோபா நுனியிலதான் உக்காருவ. யாராவது கூப்பிட்டா ஓடணும்ல. கை பட்டதும் உன் உடம்பு, சரி யாரோ கூப்பிடறாங்கன்னு கிளம்புது.”

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தாள். கம்பெனியில் மணி அடித்தால் எழுந்தாள், வீட்டில் குக்கர் கத்தினால் எழுந்தாள். மாமியார் படுக்கையில் கிடந்த வருடங்களில் இருமல் கேட்டாலே எழுந்தாள். அவளுக்காக ஒருவர் நின்று வேலை செய்ய, அவள் சும்மா கிடந்த நேரம் என்று ஒன்று ஞாபகத்துக்கு வரவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில்கூட பக்கத்துக் கட்டில்காரிக்கு இவள்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மாலை வேளைகளில் கணவனும் மகளும் சமைக்க, அவள் பாயில் படுத்துப் பழகினாள். அடுப்படியிலிருந்து மகள் கேட்பாள். “அம்மா, உப்பு எங்கம்மா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

“அம்மா, காதுல விழுதா?”

“அவளைக் கூப்பிடாத. அவ படிச்சிட்டிருக்கா” என்பான் கணவன்.

உப்பு டப்பா மகளின் மூக்குக்கு நேராகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வரை பாயில் கிடந்தவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

பரீட்சை வந்தது. தேய்க்கும் பகுதியில் மேடமே தலையசைத்தார். பிறகு அவள் கட்டிலில் படுத்தாள். மின்னல் ஒரு பக்கம், இன்னொரு பெண் மறுபக்கம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஜன்னலோரம் நின்றார். கழுத்து, தோள், முதுகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இடுப்புக்கு வந்தபோது மூலையில் அடுப்பின் மேல், தைலக் கிண்ணத்தைச் சூட்டுக்காக இறக்கி வைத்திருந்த வெந்நீர்ப் பாத்திரம் பொங்கி வழிந்து சுர்ரென்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கும் முன்பே அவள் கட்டிலை விட்டுக் குதித்து, துண்டைப் பிடித்தபடி எண்ணெய்க் காலோடு வழுக்கிக்கொண்டே போய் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

தேர்வாளர் பேனாவை மூடினார்.

அவர் போன பிறகு அவள் மேடமிடம் கேட்டாள். “பாத்திரம் கவிழ்ந்திருந்தா என்ன ஆயிருக்கும் மேடம்? நான் செஞ்சது தப்பா?”

“அடுப்பை அணைச்சது தப்பில்லைக்கா. ஆனா அந்த ரூம்ல நாங்க நாலு பேர் நின்னுட்டிருந்தோம். படுத்திருந்தது நீங்க ஒருத்தர்தான். எங்க நாலு பேர்ல ஒருத்தரைக்கூட நீங்க நம்பலையே.”

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மற்ற பெண்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். மின்னலுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. செய்தி கேட்டு நாத்தனார் போன் செய்து, “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்தார். “சொன்னீங்க அண்ணி” என்று சொல்லிப் போனை மகளிடம் கொடுத்துவிட்டு, அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவும்போதே என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலை மேடமின் அறை வாசலில் போய் நின்றாள்.

“அடுத்த பேட்ச் பிள்ளைங்களோட நான் மறுபடி எழுதறேன். அதுவரைக்கும் இங்கேயே இருக்கேன். துணி துவைக்கறேன், தைலம் சூடு பண்றேன். ஆனா ஒண்ணு. புதுப் பிள்ளைங்க யாருக்குக் கை பழகணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க. நான் படுக்கறேன்.”

“தினமுமாக்கா? உங்களால முடியுமா?”

“முடியாதுன்னு தெரிஞ்சுதான் மேடம் கேக்கறேன்.”

மேடம் சம்மதித்தார்.

புதுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தியின் கை தரை துடைப்பது போல வரட்டு வரட்டென்று போகும். ஒருத்தி பயந்து பயந்து தொடுவாள், எறும்பு ஊர்வது போல இருக்கும். இன்னொருத்தி எண்ணெயை ஊற்றும் ஊற்றில் இவள் கட்டிலிலிருந்து வழுக்கிப் போகாமல் இருந்ததே பெரிய விஷயம். முதல் வாரங்களில் அவள் கட்டிலின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கதவு திறக்கும் சத்தம், வாளி நகரும் சத்தம், வராந்தாவில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எல்லாம் அவள் பெயரைச் சொல்வது போலவே கேட்டன. எழத் தோன்றியபோதெல்லாம், ‘நின்னுட்டிருக்கறவங்க பாத்துப்பாங்க’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். முதலில் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவர்கள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டார்கள். ஒரு முறை பாத்திரம் கவிழ்ந்தபோது, அந்த எறும்புக் கைக்காரிதான் ஓடிப்போய்த் துடைத்தாள். அன்றைக்குக் கட்டிலின் ஓரத்திலிருந்து அவள் விரல்கள் கொஞ்சம் விலகின.

படுத்துக்கொண்டே கற்றுக்கொண்டதும் நிறைய. கை ஓரிடத்தை விட்டு எடுபடும்போது உடம்பு திடுக்கிடுகிறது. ஒரு கை எடுபடும் முன் மறு கை வந்துவிட்டால் அப்படி ஆவதில்லை. சூடான கை என்றாலும் சொல்லாமல் வந்தால் குளிர்கிறது. இதையெல்லாம் எழுந்து உட்கார்ந்து அந்தப் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், மறுநாள் சரியாகச் செய்தார்கள்.

ஒரு மதியம் அவள் கட்டிலிலேயே தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது எல்லாரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

“என்னடி ஆச்சு?”

“குறட்டை விட்டீங்க அக்கா” என்றாள் எறும்புக் கைக்காரி. அவள் முகத்தில் பரிசு வாங்கியவளின் பெருமை.

இரண்டாம் முறை பரீட்சை. அதே தேர்வாளர்தான் வந்தார். அவள் படுத்தாள். முதுகில் கைகள் பாதி தூரம் போயிருக்கும்போது வராந்தாவில் ஓர் எவர்சில்வர் பேசின் தடாலென்று விழுந்து, உருண்டு உருண்டு அடங்கியது. அவள் தோள் இரண்டும் கட்டிலை விட்டு எழும்பின. அவளுக்கே அது தெரிந்தது. மூச்சை விட்டாள். வலது தோளை இறக்கினாள், பிறகு இடது தோளையும் இறக்கினாள். கன்னத்தைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பேசின் என்ன ஆனது என்று கடைசி வரை கேட்கவில்லை.

தேறிவிட்டாள். மேடம் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அடுத்த வாரமே மின்னலுக்கு ஜோடியாக அவளை வேலையில் போட்டார்.

முதலில் வந்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் அம்மா. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். வலது தொடையிலிருந்து இடுப்பு வரை வலி. மல்லாந்து படுத்தவரின் இருபக்கமும் மின்னலும் அவளும் நின்று தோளிலிருந்து கையை இறக்கினார்கள். மின்னலின் வேகம் குறைந்திருந்தது. நாலு கையும் ஒன்றாகப் போயின. ஆனால் அந்த அம்மாவின் வலது பாதம் மட்டும் அடிக்கடி எதையோ மிதிப்பது போல விறைத்தது.

“காலை லேசா விடுங்கம்மா” என்றாள் மின்னல்.

“விட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றார் அவர். பாதம் மறுபடி மிதித்தது.

செக்கிங் அக்கா அந்தப் பாதத்தைக் கவனித்தாள். “கார்ல உங்க காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்குமில்லம்மா?”

“இருக்கும். இல்லன்னா அந்தப் பசங்க என்னை எமலோகத்துல கொண்டுபோய் பார்க் பண்ணிடுவாங்க.”

“இங்க அது இல்ல. இன்னைக்கு வண்டியை நாங்க ஓட்டறோம். நீங்க பின்சீட்டு.”

அந்த அம்மா சிரித்தார். அவள் பாதத்தைத் தேய்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அதை முழுசாகப் பொதிந்து பிடித்து, அப்படியே வைத்திருந்தாள். பாதம் ஒரு முறை மிதித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, பாதி மனதோடு. அதற்கப்புறம் கால் கனத்துத் தொடை வரைக்கும் கட்டிலில் இறங்கியது. மின்னல் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இடது பாதத்தை அதேபோலப் பிடித்தாள்.

“இப்படியே கிடக்கலாம் போல இருக்கு” என்றார் அந்த அம்மா, குரல் குழைந்து.

“கிடங்கம்மா” என்றாள் செக்கிங் அக்கா. “முதுகு இன்னும் பாக்கி இருக்கு. மெதுவா திருப்பிப் படுக்க வைக்கறோம்.”